பாலையா: கேட்பவரின் மெய்ப்பாடு

உள்ளத்து உணர்வு பிறர் அறியுமாறு உடலில் வெளிப்படுதலை மெய்ப்பாடு என்பர் தமிழ் இலக்கண நூலார். தொல்காப்பியர் இதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளார். மெய்ப்பாடு பேசுபவரிடத்து மட்டுமன்றிக் கேட்பவரிடத்தும் தோன்றும். இவ்வுண்மையைத் தமிழ்த் திரையில் நிலைநாட்டியவர் குணச்சித்திர நடிகர் டி.எஸ்.பாலையா ஆவார்.

நெல்லைச் சீமையில் 1914ஆம் ஆண்டு பிறந்த பாலையா, நாடக மேடையில் பயின்று திரைக்கு வந்தவர். அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' (1936) அவருடைய முதற்படம். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதற்படமாகும். அதில் வில்லனாகத் தோன்றிய பாலையா, அடுத்த ஆண்டு வெளிவந்த 'அம்பிகாபதி'யிலும் வஞ்சகனாகவே நடித்தார். ஆயினும் காலம் செல்லச் செல்ல, நகைச்சுவைக்கும் குணச்சித்திரத்திற்கும் உரியவராக உயர்ந்தார்.

அவர்தம் திறனுக்கு மூன்று படங்கள் சான்றாகும். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில், திரைப்படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், தந்தைக்குத் திகில் கதை சொல்கிறார். பேச்செல்லாம் நாகேஷுடையது, பாலையாவுக்கோ கேட்பதே வேலை. தந்தை உண்மையாகவே அஞ்சுகிறார். அதனாலேயே நாம் நகைக்கிறோம். அவரும் உடன் சிரிக்க முயன்றிருப்பின் அக்காட்சி அன்றே மறைந்திருக்கும்.

ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில் அவர் செருக்கு மிக்க ஹேமநாத பாகவதர். பாடும்போது அவருக்குரிய குரல் எம்.பாலமுரளிகிருஷ்ணாவுடையது. விறகு விற்பவராக வந்த இறைவனின் பாட்டைக் கேட்கும்போது, இரவற்குரலுக்கும் இடமில்லை. முகமே பேச வேண்டும். கல்வியால் வந்த பெருமிதம் தளர்ந்து, தம் சிறுமையைத் தாமே உணரும் நிலையை அம்முகத்தில் காண்கிறோம்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலோ அவர் தவில் கலைஞர். சிவாஜி கணேசன் நாயனம் வாசிக்க, உடன் வாசிக்கும் பாலையாவின் தலையசைவும் கண்ணசைவும் அவ்விசையின் உயர்வை நமக்கு உணர்த்துகின்றன. பக்கவாத்தியக்காரர் மெச்சாத வித்துவானைச் சபை எங்ஙனம் மெச்சும்?

1972ஆம் ஆண்டு பாலையா மறைந்தார். ஆயினும் அவர்தம் நடிப்பு நம் மாணாக்கர்க்குப் பாடமாக நிற்கிறது. கல்லூரி நாடகங்களில் அரசன் வேடத்திற்குப் பலர் முந்துவர். அமைச்சன் வேடமோ சிலருக்குக் குறையாகப் படும். தமக்குரிய வசனம் முடிந்ததும் அவையோரை நோக்கி நிற்போரும் உண்டு. அந்நொடியில் எதிரில் பேசுபவரின் சொல் வலுவிழந்து நாடகமே சரிகிறது. பிறர் சொல்லை முதன்முறை கேட்பவர்போல் கேட்கப் பழகுதலே நடிப்பின் முதற்படி. மேடையேறும் மாணாக்கர் அம்மூன்று காட்சிகளையும் மீண்டும் ஒருமுறை, பேசுபவரை விடுத்துக் கேட்பவரை மட்டும் நோக்கிக் காண்பாராக.