உங்களுக்குத் தெரியுமா? இடது கையே அடித்து முடிக்கும் சொல்!

விமானப் பணிப்பெண்களைக் குறிக்கும் 'ஸ்டூவர்டெசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 12 எழுத்துகள். தட்டச்சு வகுப்பில் சொல்லித்தரும் முறைப்படி அடித்தால் அத்தனையும் இடது கைக்கே வேலை. வலது கை சும்மா இருக்கலாம்.

• வலது கைக்கும் உண்டு: 8 எழுத்து 'லாலிபாப்'. ஓரெழுத்து கூடுதலாக வேண்டுமா? 'பாலிஃபனி'.

• 'டைப்ரைட்டர்' என்பதன் 10 எழுத்துகளும் மேல் வரிசையிலேயே இருக்கின்றன. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் இயந்திரத்தை விற்கத் தொடங்கியபோது, விற்பனையாளர்கள் அந்தப் பெயரைச் சட்டென்று அடித்துக் காட்டி அசத்துவதற்காகவே இப்படி அடுக்கினார்கள் என்பார்கள். சுவையான கதை, ஆதாரம்தான் இல்லை. 'ப்ரொப்ரைட்டர்', 'பெர்பெச்சுவிட்டி' இரண்டும்கூட அதே வரிசை, அதே நீளம்.

• நடு வரிசையில் உள்ள ஒரே உயிரெழுத்து 'ஏ'. அதை வைத்துக்கொண்டே மாட்டுத் தீவனமான குதிரை மசாலின் ஆங்கிலப் பெயரை அடித்துவிடலாம்: 'அல்ஃபால்ஃபா', 7 எழுத்து.

• கீழ் வரிசைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, உயிரெழுத்தே கிடையாது. படக்கதைகளில் வரும் குறட்டைச் சத்தத்தை வேண்டுமானால் அடிக்கலாம்: 'இசட் இசட் இசட்'!