நாடகத்துக்குக் கூரை வந்த கதை

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த பகுதியில், அனந்தபுரம் முதலிய ஊர்களில் வளர்ந்த மாணவர்க்கு நாடக அரங்கு என்றவுடன் நினைவுக்கு வருவது கட்டடம் அன்று. திரௌபதி அம்மன் கோயிலை அடுத்த வெட்டவெளியே. இரவு ஊர் அடங்கிய பின் மத்தளமும் முகவீணையும் முழங்கும். இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னிருந்து வேடங்கள் வெளிப்படும். மூன்று புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். நுழைவுச்சீட்டு இல்லை; செலவை ஊரார் பகிர்ந்து கொள்வர். பொழுது புலரும்வரை ஆட்டம் நடக்கும்.

இதனைக் கண்டு நாணவேண்டுவதில்லை. 1599இல் இலண்டனில் எழுந்த குளோப் அரங்கும் நடுவே வானம் தெரியத் திறந்து கிடந்ததே. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மக்கள் மேடையின் மூன்று புறமும் நின்று கண்டனர். ஆனால் ஆங்கிலேயர் நம் நாட்டுக்குக் கொணர்ந்தது பிற்கால அரங்கு: நான்கு சுவர், மேலே கூரை, படச்சட்டம் போன்ற மேடை, ஒரே திசை நோக்கிய இருக்கைகள்.

விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவாகப் பெயர் பெற்ற விக்டோரியா பொது மண்டபம் சென்னையில் அத்தகைய மேடையைத் தந்தது. வரைந்தவர் சிஸம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். இன்றைய சென்ட்ரல் நிலையத்தின் அருகே அச்செந்நிறக் கட்டடத்தைக் காணலாம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். பல்லாரியிலிருந்து வந்த குழுவினரின் தெலுங்கு நாடகத்தைக் கண்டதே அதற்குத் தூண்டுகோல். கற்றோர் மேடையேறுவது இழிவெனக் கருதப்பட்ட அக்காலத்தில், வழக்கறிஞரும் அலுவலரும் அச்சபையில் அரிதாரம் பூசினர், சத்தியமூர்த்தியும் நடித்தார். விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்துக்குள் அடங்கிற்று. பாட்டுக் குறைந்து உரையாடல் வளர்ந்தது. ஹாம்லெட் ‘அமலாதித்தன்’ ஆனான். பெண் வேடத்தை மட்டும் இங்கும் ஆடவரே நெடுங்காலம் தாங்கினர்.

தொழில்முறைக் கம்பெனிகளின் உலகம் வேறு. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை அரங்கு அவர்களுக்குப் பேர்போனது. ஒருபுறம் மட்டும் வீடுகள் அமைந்த தெருவையே ஒற்றைவாடை என்பர். சிறுவர் நடித்த பாய்ஸ் கம்பெனிகள் அங்கே நாடகம் நடத்தின. மேடையேறிய பிள்ளைகளுள் சிலர் பின்னாளில் திரையுலகில் பெரும்புகழ் எய்தினர்.

திரையுலகம் என்றேன் அல்லவா? அதுவும் இம்மண்டபங்களிலேயே முளைத்தது. 1897இல் விக்டோரியா மண்டபத்தில் சலனப்படம் காட்டப்பெற்றது. நாடகத்துக்கென இருளும் சுவரும் இருக்கையும் சீட்டும் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன; வெள்ளைத் திரை ஒன்றே குறை. அதனால் நாடகக் கொட்டகைகள் பல, எளிதில் சினிமாக் கொட்டகைகளாயின. மேடையை நம்பியிருந்த கம்பெனிகள் நிற்க இடமின்றிக் கலைந்தன.

கூத்துக்கு அத்தகைய இழப்பு நேரவில்லை. பறிபோவதற்கு அதற்குக் கட்டடமே இல்லையன்றோ! செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி வழிபாட்டுக்குப் புகழ் பெற்ற ஊர். இப்பகுதித் திருவிழாக்களில் பாரதம் பல இரவுகள் கூத்தாக ஆடப்பெறும். இறுதியில் படுகளத்தன்று தரையில் நெடிய துரியோதனன் உருவத்தை மண்ணால் அமைப்பர். பட்டப்பகலில், ஊரே சூழ்ந்து நிற்க, பீமனாக வேடமிட்டவன் கதையுடன் அதனை நோக்கி வருவான்.