வேலை உண்டு, மணித்தியாலம் இல்லை!

கடையைத் திறந்து வைத்திருந்தும் வியாபாரம் நடக்காத நாளில் நட்டம் யாருக்கு? கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் என்பது எமது தகப்பன்மார் காலத்து வழக்கு. மழை பெய்தாலும் ஹர்த்தால் வந்தாலும் சிப்பந்தியின் சம்பளத்தை மாதம் முடிந்ததும் கொடுத்தேயாக வேண்டும். இலாபம் முதலாளிக்கு என்றால் நட்டமும் அவருக்கே.

இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிய ஓர் ஒப்பந்தம் பிரித்தானியாவில் பல வருடங்களாக நடைமுறையில் உள்ளது. 'சீரோ அவர்ஸ்', அதாவது பூச்சிய மணித்தியால ஒப்பந்தம் என்பது அதன் பெயர். இதில் கையொப்பமிடுபவர் ஊழியர்தான். ஆனால் வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் வேலை தருவோம் என்ற வாக்குறுதி எதுவும் கிடையாது. ஒரு வாரம் 40 மணித்தியாலம் கிடைக்கலாம், மறுவாரம் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சட்டப்படி உண்டு. ஆனாலும் வேலை செய்த நேரத்துக்குத்தான் அவையும் கணக்கிடப்படும்.

துரித உணவுக் கடைகளும் பெரிய விற்பனை நிலையங்களும் இப்படிச் செய்வதில் ஆச்சரியமில்லை. வரிப்பணத்தில் இயங்கும் உள்ளூராட்சி மன்றங்களும் இதே வழியில் போனதுதான் கவனிக்க வேண்டிய விடயம். நூலகம், நீச்சல் தடாகம், பாடசாலைச் சமையலறை என்று பல இடங்களில் இந்த ஒப்பந்தம் புகுந்தது. எல்லாவற்றிலும் அதிகமாகப் புகுந்த இடம் முதியோர் பராமரிப்பு.

அங்கு இயலாத முதியவரை வீட்டில் வைத்துப் பராமரிக்க ஏற்பாடு செய்வது உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, மன்றங்கள் இந்த வேலையைத் தமது சொந்த ஊழியர்களைக் கொண்டு செய்வதைப் படிப்படியாகக் குறைத்து, தனியார் கம்பனிகளிடமிருந்து விலைக்கு வாங்கத் தொடங்கின. 2010 க்குப் பின் மத்திய அரசாங்கம் மானியத்தை வெட்டியபோது வாங்கும் விலையும் நெருக்கப்பட்டது. குளிப்பாட்ட 30 நிமிடம், மாத்திரை கொடுக்க 15 நிமிடம் என்று நிமிடக் கணக்கில் கொள்முதல் நடந்தது. மன்றம் கம்பனிக்கு நிமிடத்துக்குப் பணம் கொடுக்கிறது. கம்பனியும் ஊழியருக்கு நிமிடத்துக்கே கொடுக்கப் பார்க்கிறது. ஆக, மேலே வெட்டிய காசு கடைசியில் ஊழியரின் சம்பளப் பையில்தான் குறைகிறது.

எனது உறவுக்காரப் பிள்ளை ஒருவர் இங்கிலாந்தில் இந்த வேலைக்குப் போனார். காலை 7 மணிக்கு வீட்டை விட்டு இறங்கி இரவு 9 மணிக்குத் திரும்பிய நாளில், அவருக்குச் சம்பளம் எழுதப்பட்டது 8 மணித்தியாலத்துக்குத்தான். ஒரு முதியவரின் வீட்டிலிருந்து அடுத்தவரின் வீட்டுக்குப் போன நேரம் கணக்கில் இல்லை. அந்தப் பயண நேரமும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர வேண்டும் என்பதே அந்நாட்டுச் சட்டம். ஆனால் அதைக் கேட்டால் அடுத்த வாரம் வேலை நேரம் குறைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. இந்த ஒப்பந்தத்தின் உண்மையான கெடுதி இதுதான். வேலையை விட்டு நிறுத்தத் தேவையில்லை, அழைக்காமல் விட்டாலே போதும்.

இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் மட்டும் சுமார் 307,000 பேர் இவ்வாறு வேலை செய்வதாக 2013 இல் மதிப்பிடப்பட்டது. அதன் பின்னர் பிரித்தானியா முழுவதிலும் இந்த ஒப்பந்தத்தில் இருப்போர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது.

வியாபாரி என்ற முறையில் எனக்கு விளங்காத விடயம் ஒன்று உண்டு. நாளைக்கு எத்தனை பேர் கடைக்கு வருவார்கள் என்பது எமக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு யாரைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது மன்றத்துக்குத் தெரியும், பெயர்ப் பட்டியலே கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் நிச்சயம், வேலையும் நிச்சயம். அப்படியிருக்க ஊழியரின் மணித்தியாலம் மட்டும் ஏன் நிச்சயமில்லாமல் இருக்க வேண்டும்?

நியாயமாகப் பார்த்தால் இந்த முறை பொருந்தும் வேலைகளும் உண்டு. தேர்தல் நாள் கடமை, பரீட்சை மேற்பார்வை, விடுமுறைக்கால நீச்சல் வகுப்பு போன்றவை வருடம் முழுவதும் நடப்பதில்லை. படிக்கும் பிள்ளைகள் சிலர் இதை விரும்பியே எடுக்கிறார்கள். நிரந்தரமான வேலைக்கு இந்தச் சட்டையை மாட்டுவதுதான் பிழை. அதற்குச் செலவும் உண்டு. நிச்சயமில்லாத ஊழியர் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார், புதியவருக்கு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். கதவைத் திறக்கும் முதியவரோ அடிக்கடி புது முகத்தைப் பார்க்கிறார்.

அங்கேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. யுனிசன் தொழிற்சங்கம் 2012 இல் பராமரிப்பு வேலைக்கான ஒரு சாசனத்தை வெளியிட்டு, அதை ஏற்குமாறு மன்றங்களைக் கேட்டது. லண்டனின் சதர்க், இஸ்லிங்டன் மன்றங்கள் ஏற்றவற்றுள் அடங்கும். வேலை தராமலே வேறிடத்தில் வேலை செய்யக் கூடாதென்று கட்டிப்போடும் நிபந்தனை 2015 மே மாதத்திலிருந்து செல்லுபடியாகாது. 2025 ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒழுங்காகச் செய்து வந்த மணித்தியாலத்தை உறுதியாகத் தர முன்வர வேண்டும், வேலைநேரத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டும், கடைசி நேரத்தில் ரத்துச் செய்தால் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. இவற்றை 2027 இல் நடைமுறைப்படுத்துவது அந்நாட்டு அரசின் திட்டம்.

இது இங்கிலாந்துக் கதைதானே என்று பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். புறக்கோட்டையில் லொறி வந்தால்தான் நாட்டாமைக்குக் கூலி. அது உண்மையான அமைய வேலை, அதில் தவறில்லை. ஆனால் காலை கடை திறப்பதிலிருந்து இரவு பூட்டும் வரை மூன்று வருடமாக நிற்கும் பையனை 'நாட்கூலி' என்று சொல்லி வைத்திருப்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். எமது நாட்டுச் சட்டம் இதில் தெளிவானது. அமைய ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியரின் பங்கு 8 வீதம். அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம்.

ஆகவே அடுத்த சம்பளப் பட்டியலை எழுதுமுன், கடந்த மூன்று மாத வரவுப் பதிவேட்டை ஒரு தரம் புரட்டுங்கள். எந்தப் பெயருக்கு நேரே அநேகமாக எல்லா நாளும் அடையாளம் இருக்கிறதோ, அவர் நாட்கூலி அல்ல, உங்கள் ஊழியர். அவருடைய மாதச் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வியாபாரம் மந்தமான மாதத்திலும் அந்தப் பையன் உங்கள் கடையை விட்டுப் போகமாட்டான்.