கூட்டினால் போதுமா எதிர்ப்பு சக்தி?

காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளத்தில் கோயில் கொண்டிருப்பவர் சஞ்சீவிராயர். மூலிகைக்காக மலையையே பெயர்த்து வந்த அனுமன். கொரோனாவுக்குப் பிறகு ஊருக்கு ஊர் சஞ்சீவி டப்பாவில் கிடைக்கிறது: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம், மாத்திரை. கழுத்துக் கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்த வீட்டிலும் உறவுக்காரர்கள் கொண்டுவந்து தருவது இவற்றைத்தான். எதிர்ப்பு அணுக்கள் பெருகினால் கட்டி கரைந்துவிடும் என்பது அவர்கள் போடும் கணக்கு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் வரும் புற்றுநோயில் அந்தக் கணக்கு தப்பு. மிகக் கொடிய வகையான அனபிளாஸ்டிக் கட்டியில் புற்றணுக்களுக்கு நடுவே மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு அணுக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. சில கட்டிகளில் ஏறக்குறைய பாதி அவைதான். கிருமியை விழுங்க வேண்டிய அணு, அங்கே கட்டி வளரவும் பரவவும் துணைபோகிறது. வேலியே பயிரை மேய்கிற இடத்தில் வேலியை உயர்த்தி என்ன பயன்?

தைராய்டு புற்றுநோயின் இன்னொரு வகையான பாப்பில்லரியில் நிலைமை வேறல்லவா என்று கேட்கலாம். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த தைராய்டு அழற்சியில் சுரப்பி முழுக்க லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு அணுக்கள் குவிகின்றன. அந்த அழற்சியும் சேர்ந்திருக்கும் நோயாளிகளுக்குப் புற்றுநோய் மீண்டும் வருவது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் அந்த அணுக்கள் சொந்தச் சுரப்பியையே தின்று தீர்க்கின்றன. அதை யாரும் ஆரோக்கியம் என்று விற்க முடியாது. நவீன இம்யூனோதெரபியும் பொத்தாம்பொதுவாக எதையும் கூட்டுவதில்லை. டி செல் என்ற எதிர்ப்பு அணுவின் மீது விழுந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட பூட்டைத் திறக்கிறது. 2020-இல் வெளியான ஆய்வொன்றில் 42 அனபிளாஸ்டிக் நோயாளிகளுக்கு அத்தகைய மருந்து கொடுத்ததில் கட்டி சுருங்கியது 19 சதவீதம் பேருக்குத்தான். இந்த வகை மருந்துகளால் நல்ல தைராய்டும் வீங்கிக் கெடுவது அடிக்கடி காணும் பக்கவிளைவு. ஆய்வகத்தில் அளந்து தயாரித்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், அளவு தெரியாத பொடியை நம்புவது எப்படி? சித்த மருந்துகளை முறையாகச் சோதிக்க வேண்டும் என்பாரின் வாதத்தில் நியாயம் உண்டு. அது வேறு விவாதம்.

பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்ற சமாதானம்தான் அதிகம் பயமுறுத்துகிறது. முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று பல சத்து மாத்திரைகளில் சேர்க்கப்படும் பயோட்டின், அளவு கூடினால் தைராய்டு ரத்தப் பரிசோதனையையே குழப்பிவிடும். அறுவைக்குப் பிறகு புற்றுநோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கப் பார்ப்பது தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவை. சில ஆய்வகக் கருவிகளில் பயோட்டின் அதைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நோய் திரும்பியிருக்கும், சீட்டில் எல்லாம் சரி என்று வரும். காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளோடு, வீட்டில் சாப்பிடும் டப்பாக்களையும் பையில் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பயோட்டின் இருந்தால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.