முழங்கை சொன்ன பாடம்: அத்தியாவசிய கொழுப்பு அமிலங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நகம், தலைமுடி, சீருடை ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். ஒரு மாணவியின் இரண்டு முழங்கைகளும் கருத்து, முள்முள்ளாகச் சொரசொரவென்று இருந்தன. "தினமும் குளிக்கிறியா இல்லையா? நாளைக்கு நல்லா தேய்ச்சுக் குளிச்சிட்டு வா" என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் சிரிப்பு. அடுத்த மூன்று நாள்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தபோது முழங்கை புண்ணாகி இருந்தது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

அடுத்த மாதம் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தது. மருத்துவர் அவள் முழங்கையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "டீச்சர், இது அழுக்கு இல்ல. சத்துக் குறைவு. ஃபிரினோடெர்மான்னு சொல்லுவோம். வீட்ல என்ன எண்ணெய், என்ன சாப்பாடுன்னு கேட்டுப் பாருங்க" என்றார். பல ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கும் எனக்கு அந்தச் சொல்லே புதிது. கொழுப்பு என்றால் உடல் பருமன், மாரடைப்பு என்று மட்டுமே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அன்று முதல் தேடிப் படித்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எலியின் வாலில் தொடங்கிய கண்டுபிடிப்பு

1920-கள் வரை கொழுப்பு என்பது ஆற்றல் தரும் பொருள், சில வைட்டமின்களைச் சுமந்து வரும் ஊர்தி, அவ்வளவுதான் என்று கருதப்பட்டது. 1929-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரட் பர் தம்பதியர் எலிக்குட்டிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தனர். அன்று அறியப்பட்டிருந்த வைட்டமின்களையும் சேர்த்தே கொடுத்தனர். ஆனாலும் எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. வால் புண்ணானது. வளர்ச்சி நின்றது. சிறுநீரகம் பழுதடைந்தது. உணவில் சிறிதளவு கொழுப்பைச் சேர்த்ததும் அவை தேறின. அடுத்த ஆண்டே, அந்தக் கொழுப்பில் வேலை செய்தது லினோலிக் அமிலம் என்று கண்டனர். 'அத்தியாவசிய கொழுப்பு அமிலம்' என்ற சொல் அப்போது பிறந்தது. இந்த வரிசையில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் இடம்பெறுகிறது. முன்னது ஒமேகா-6 வகை, பின்னது ஒமேகா-3 வகை.

மனிதருக்கு ஒமேகா-3 தேவை என்பதை உணர்த்திய நிகழ்வு 1982-இல் வெளியானது. வயிற்றில் குண்டடிபட்ட ஓர் ஆறு வயது அமெரிக்கச் சிறுமிக்குப் பல மாதங்கள் ரத்தக்குழாய் வழியாகவே உணவு செலுத்தப்பட்டது. அதில் ஒமேகா-6 நிறைய இருந்தது; ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். அவளுக்குக் கைகால் மரத்துப்போனது, நடக்க முடியவில்லை, பார்வை மங்கியது. சோயா எண்ணெய் கலந்த திரவத்துக்கு மாற்றியதும் அந்தக் குறைகள் நீங்கின.

பதினெட்டு மாணவர்கள், ஒரு சங்கிலி

இதை வகுப்பில் விளக்க எளிய செயல்பாடு ஒன்று உண்டு. 18 மாணவர்களை வரிசையாகக் கைகோத்து நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஒரு கார்பன். ஒரு கை கோத்தால் ஒற்றைப் பிணைப்பு; பக்கத்தில் இருப்பவருடன் இரண்டு கைகளும் கோத்தால் இரட்டைப் பிணைப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவர் நிற்கும் முனை 'ஒமேகா' முனை. அங்கிருந்து எண்ணும்போது முதல் இரட்டைப் பிணைப்பு ஆறாவது மாணவரிடம் தொடங்கினால் ஒமேகா-6, மூன்றாவது மாணவரிடம் தொடங்கினால் ஒமேகா-3.

நம் உடலில் உள்ள நொதிகளால் ஒன்பதாவது மாணவரிடமும் அதற்கு அப்பாலும்தான் புதிய இரட்டைப் பிணைப்பை உண்டாக்க முடியும். ஆறாவது இடத்திலோ மூன்றாவது இடத்திலோ உண்டாக்க முடியாது. தாவரங்களால் முடியும். ஆகவே இவ்விரண்டு அமிலங்களையும் நாம் உணவில் இருந்தே பெற வேண்டும். 'அத்தியாவசியம்' என்பதன் பொருள் இதுதான்.

இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைகிறது. வளைந்த சங்கிலிகள் நெருக்கமாக அடுங்காது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதும் சூரியகாந்தி எண்ணெய் உறையாததும் இதனால்தான். நம் செல்களின் சவ்வு நெகிழ்வாக இருக்கவும் இந்த வளைவு உதவுகிறது. தோலில் லினோலிக் அமிலம் நீர் வெளியேறாமல் தடுக்கும் அடுக்கின் பகுதியாகிறது. அது குறைந்தால் தோல் வறளும். ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் இருந்து உடல் சிறிதளவு டி.எச்.ஏ. என்ற அமிலத்தைத் தயாரிக்கிறது. மூளையிலும் விழித்திரையிலும் செறிந்திருப்பது அதுவே.

தவளைத் தோலும் குன்னூரும்

ஃபிரினோடெர்மா என்றால் கிரேக்கத்தில் தேரைத் தோல் என்று பொருள். முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் ரோமக்கால்கள் அடைபட்டு முள் போல நிற்கும். 1930-களில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது பற்றி நிறைய எழுதப்பட்டது. நம் நீலகிரியில் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் பள்ளிக் குழந்தைகளின் உணவை ஆராய்ந்தது. அந்தக் கூடம்தான் பிறகு ஐதராபாத்துக்கு மாறி இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இதற்கு ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கொழுப்பு அமிலக் குறைவோடு வைட்டமின் ஏ, பி தொகுதி ஆகியவற்றின் குறைவும் தொடர்புடையது. சொரசொரப்பான தோலுக்கு வேறு நோய்களும் காரணமாகலாம். எனவே முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கவனித்து அனுப்பி வைப்பது நம் வேலை.

எதில் எவ்வளவு?

நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு லினோலிக் அமிலம் குறைந்தது ஐந்தரை கிராமும், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவும் தேவை. 100 கிராம் எண்ணெயில் லினோலிக் அமிலத்தின் தோராய அளவு: சூரியகாந்தி 60 கிராம், நல்லெண்ணெய் 40, கடலை எண்ணெய் 30, பாமாயில் 10, தேங்காய் எண்ணெய் 2.

ஆனால் இந்த ஐந்திலும் ஒமேகா-3 மிகக் குறைவு. அதற்கு ஆளி விதை, கடுகு எண்ணெய், சோயா ஆகியவை உதவும். கீரைகளிலும் சிறிதளவு உண்டு. இரண்டு சிறு கரண்டி ஆளி விதைப் பொடியே ஒரு நாள் தேவையைத் தந்துவிடும். முழு விதையாக விழுங்கினால் செரிக்காமல் வெளியேறிவிடும். வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியில் கலப்பது எளிது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற விலை குறைந்த கடல் மீன்களில் டி.எச்.ஏ. நேரடியாகவே கிடைக்கிறது.

இதைப் படித்துவிட்டு எண்ணெயை அதிகமாக ஊற்றச் சொல்ல வேண்டாம். எந்த எண்ணெயும் ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும். இரண்டு வகை எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் முதலில் சிதைவது இந்த அமிலங்கள்தான்.

பெற்றோர் சிலர், "ஒமேகா மாத்திரை கொடுத்தா ஞாபக சக்தி கூடுமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். நலமாக உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் ஒரே மாதிரியான முடிவைத் தரவில்லை. அந்தப் பணத்துக்குக் கடலை, எள், முட்டை, மீன் வாங்குங்கள் என்பதே என் பதில்.

நாம் செய்யக்கூடியவை

சத்துணவு முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். முட்டையில் உள்ள கொழுப்பு அமிலங்கள் எல்லாம் அந்த மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. மிட்டாய் கேட்கும் பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை, கடலைமிட்டாய் எனப் பழக்குங்கள். 10 கிராம் எள்ளில் ஏறத்தாழ 2 கிராம் லினோலிக் அமிலம் உண்டு. வீட்டில் வாங்கும் எண்ணெய் உறையின் ஊட்டச்சத்து அட்டவணையைக் குறிப்பேட்டில் எழுதி வரச் சொன்னால் அதுவே ஒரு நல்ல பாடம். தூய்மைச் சோதனையில் எதைக் கண்டாலும் தனியே அழைத்துப் பேசுங்கள்.

அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டரை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிப்பதாகச் சொன்னார். காலையில் நீராகாரம், இரவில் ரசம் சோறு. முட்டையின் மஞ்சள் கரு பிடிக்காது என்று அவள் தம்பிக்குக் கொடுத்துவிடுவாளாம். மருத்துவர் தந்த மாத்திரைகளுடன் கடலை, எள்ளுப்பொடி, முருங்கைக்கீரை, முழு முட்டை என்று அம்மா மெல்ல மெல்லச் சேர்த்தார். தோல் இயல்பாக ஐந்து மாதங்கள் ஆயின.

அன்று எல்லோர் முன்பும் திட்டிய நான், எல்லோர் முன்பும் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். அதன் பிறகும் ஆண்டு இறுதி வரை அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் என் முன் நின்றாள். தோல் ஐந்து மாதத்தில் ஆறிவிட்டது. நான் சொன்ன சொல் ஆற அதைவிட நாளாகும் என்று தெரிந்துகொண்டேன்.