ஹார்டு டிஸ்கைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் நின்றுவிடுவது ஏன்?

பாட்டரி புதியது, அடியிலுள்ள சுவிட்சும் போட்டபடியே இருக்கிறது, ஆயினும் ஹார்டு டிஸ்கிலிருந்து படங்களை நகலெடுக்கத் தொடங்கிய க்ஷணம் முதல் திரையிலுள்ள அம்பு தத்தித் தத்தி நகர்ந்து, பிறகு அசையாமலே நின்றுவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா?

மவுஸ் தன் ஒவ்வோர் அசைவையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையாக, கணினியில் செருகிய சிறு ரிசீவருக்கு அனுப்புகிறது. பாட்டரி மாதக்கணக்கில் உழைக்க வேண்டுமென்பதால், அந்த அலை அற்ப சக்தியோடுதான் புறப்படுகிறது.

இப்போது பக்கத்திலுள்ள நீல நிற யு.எஸ்.பி. 3.0 துளையைப் பாருங்கள். அதன் வழியே தகவல் அதிவேகமாகப் பாயும்போது, கேபிளிலிருந்தும் இணைப்பிலிருந்தும் கசிகின்ற மின்காந்த இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பிரதேசத்திலும் பரவுகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கி வெளியிட்டது. கல்யாணப் பந்தலில் தவிலை ஒட்டி அமர்ந்தவர் காதில், எதிர் வரிசையிலிருப்பவர் மெல்லச் சொல்லும் சங்கதி விழுமா? ரிசீவரின் கதியும் அதுவே.

தவிலை நிறுத்த வேண்டியதில்லை. கேட்பவரை நகர்த்தினால் போதும். ரிசீவரை மறுபக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள். அல்லது முழ நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி மவுஸுக்கு அருகே வையுங்கள்.

அப்படியும் அசையவில்லையா? மேஜைக் கண்ணாடியின்மீது ஒரு காகிதத்தை விரித்துப் பாருங்கள்: பரப்பின் சூக்ஷ்மமான சொரசொரப்பைப் படம்பிடித்தே மவுஸின் சென்சார் நகர்வை அறிகிறது, வழவழப்பான கண்ணாடியில் அதற்கு அடையாளம் ஏதும் அகப்படுவதில்லை.