குளிர்ந்த கோடையும் கொதித்த அரிசி விலையும்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். சுபாங் ஜெயாவில் வாடகை வீடொன்றில் நாங்கள் ஐந்து மாணவர்கள் தங்கியிருந்தோம். அந்த வாரச் சமையல் முறை என்னுடையது. மூன்று கடைகள் ஏறி இறங்கியும் உள்நாட்டு வெள்ளை அரிசி கிடைக்கவில்லை. இறக்குமதி அரிசி மட்டும் இருந்தது, விலை ஏறிய நிலையில். ஏன் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "இந்தியாவில மழை இல்லையாம் தம்பி" என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது!

எங்கோ மழை பொய்த்தால் இங்கே ஏன் அரிசி மறைய வேண்டும்? விடை தேடியபோது, வறட்சி மட்டுமன்று, குளிரும் இதே வேலையைச் செய்யும் என்பது தெரிய வந்தது. அதைத்தான் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

நெல்லுக்கும் குளிர் ஆகாது

நெற்பயிருக்கு மிக நுட்பமான காலம், கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்னால் வரும் சூல் கட்டும் பருவமாகும். அச்சமயத்தில் வெப்பநிலை பல நாட்கள் 17 அல்லது 18 பாகைக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரியாக உருவாகாது. பயிர் பச்சைப் பசேலென்றுதான் நிற்கும், கதிரும் வரும். அறுத்துப் பார்த்தால் உள்ளே மணி இருக்காது, எல்லாம் பதர்! அளவுக்கு மீறிய வெப்பமும் விளைச்சலைக் கெடுக்கும். ஆக, நெல் ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் வாழப் பழகிய பயிர்.

வெப்பநிலை திடீரென்று இறங்குவதற்கு ஒரு காரணம் எரிமலை. பெரிய எரிமலை வெடிக்கும்போது கந்தக டைஆக்சைடு வாயு பல கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்று நுண்துளிகளாக மாறுகிறது. அவை சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஓரிரு ஆண்டுகளுக்கு உலகமே சற்றுக் குளிர்கிறது. பருவமழையும் தடம் மாறுகிறது.

நம் அண்டை வீட்டு எரிமலை

இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெடித்தது. அப்போது ஜாவாவை ஆண்டுகொண்டிருந்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸின் ஆட்கள், அந்த ஓசையைப் பீரங்கிச் சத்தம் என்றே எண்ணினார்களாம். மறு ஆண்டு, 1816இல், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி பெய்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோதுமை விலை இரு மடங்குக்கும் மேல் ஏறியது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் குளிரால் நெல் பொய்த்துப் பஞ்சம் வந்தது.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1991 ஜூன் 15ஆம் நாள் பிலிப்பைன்சின் பினாத்துபோ எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது. 1993ஆம் ஆண்டுக் கோடையில் ஜப்பானின் வடபகுதியில் 'யாமாசே' எனப்படும் குளிர்காற்று விடாமல் வீசியது. அந்தக் குளிருக்குப் பினாத்துபோவும் ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அவ்வாண்டு ஜப்பானின் நெல் விளைச்சல் வழக்கமான அளவில் 74 விழுக்காடாகச் சரிந்தது. அதுவரை அரிசி இறக்குமதிக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடு, தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து சுமார் 25 இலட்சம் டன் அரிசியை வாங்க நேர்ந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியது. ஜப்பானில் குளிரடித்ததற்கு, அந்நாட்டை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஏழைகளும் விலை கொடுத்தார்கள்.

ஐந்து எப்படி ஐம்பதாகிறது?

இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 மூட்டை நெல் விளைகிறது. 90 மூட்டையை ஊராரே உண்டுவிடுகிறார்கள். 10 மூட்டை மட்டும் சந்தைக்கு வருகிறது. ஒரு வருடம் விளைச்சல் 5 மூட்டை குறைகிறது. ஊரார் தங்கள் வயிற்றைத்தானே முதலில் பார்ப்பார்கள்? எனவே சந்தைக்கு 5 மூட்டைதான் வரும். வயலில் குறைந்தது 5 விழுக்காடு. சந்தையில் குறைந்ததோ 50 விழுக்காடு!

உலக அரிசி வாணிபத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்கு அளவே நாடு விட்டு நாடு செல்கிறது. அதிலும் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து புறப்படுகிறது. மலேசியாவோ தன் தேவையில் ஒரு பகுதியைத்தான் கெடா, செகிஞ்சான் போன்ற இடங்களில் விளைவித்துக்கொள்கிறது. மீதிக்கு நாம் இந்த மெலிந்த சந்தையைத்தான் நம்பியிருக்கிறோம்.

இப்போது 2023க்குத் திரும்புவோம். எல் நினோ வருகிறது என்ற எச்சரிக்கையும் உள்நாட்டு விலையேற்றமும் சேர, ஜூலை 20ஆம் நாள் இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆகஸ்டு இறுதியில், நம் வீடுகளில் புழங்கும் புழுங்கல் அரிசிக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. செப்டம்பர் 1 முதல் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. உள்நாட்டு அரிசிக்கோ கிலோ 2.60 வெள்ளி என்ற உச்ச விலை இருந்தது. எல்லோரும் அதையே தேடி ஓடினோம், இருந்ததும் மறைந்தது.

வியப்பு என்னவென்றால், அந்த ஆகஸ்டு இந்தியாவில் 1901க்குப் பின் மிக வறண்ட ஆகஸ்டாக இருந்தும், 2023-24இல் அங்கு அரிசி விளைச்சல் குறையவில்லை. முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. நம் கடைகளைக் காலி செய்ததில் வறட்சியைவிட அச்சத்துக்கே பெரும் பங்கு. 2024இல் அத்தடைகள் நீங்கின.

தாது வருடம் சொல்லும் பாடம்

விலை ஏறுவது வேறு, உயிர் போவது வேறு. அந்த வேறுபாட்டைத் தமிழர்கள் தாது வருடத்தில் கண்டார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கியது குளிரன்று, எல் நினோவோடு வந்த கடும் வறட்சி. ஆனால் மக்கள் மாண்டதற்கு மழையை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு 30,000 டன் தானியம் வாங்கியபோது, சந்தையில் தலையிடக் கூடாது என்று மேலிருந்த இந்திய அரசு கண்டித்தது. பஞ்சகாலத்திலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறியது. நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்கு, ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கணக்குப்படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியமும் சிறு காசும்தான் கூலி. இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பிழைக்க வழி தேடிப் பலர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். நம்மில் சிலருடைய குடும்பக் கதை அங்கிருந்துகூடத் தொடங்கியிருக்கலாம்.

ஆக, வானம் விளைச்சலைக் குறைக்கிறது. அந்தக் குறைவு யார் தட்டில் விழும் என்பதை மனிதர்களே முடிவு செய்கிறார்கள்: இருப்பு வைக்கும் அரசு, தடை போடும் அரசு, பதுக்கும் வணிகர், பயந்து வாங்கும் நாம். உலகம் இன்று சூடாகிக்கொண்டிருந்தாலும், நாளையே இன்னொரு பினாத்துபோ வெடித்து இரண்டு கோடைகளைக் குளிர்விக்கலாம். அதை யாராலும் தடுக்க இயலாது. ஆனால் நல்ல ஆண்டில் கையிருப்பைப் பெருக்குவதும், குளிரையும் வெப்பத்தையும் தாங்கும் நெல் வகைகளை வளர்ப்பதும், நெருக்கடியில் ஏழைகளின் வாங்கும் சக்தியைக் காப்பதும் நம்மால் இயலும். நம்மில் வேளாண்மையும் பொருளியலும் பயில்வோர் இதில் அக்கறை கொள்ள வேண்டும்.

அன்று நான்காவது கடையில் உள்நாட்டு அரிசி இரண்டு பைகள் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொள்ளத்தான் கை போனது. பின்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். ஒன்றோடு வீடு திரும்பினேன்.